விளக்கு வைத்த பிறகு குப்பை கொட்டுவது பற்றி

செஞ்சி,
20.11.2025

சௌபாக்கியவதி ஜெயஸ்ரீக்கு உன் மாமா கனகராஜ் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, உன் வீட்டுக்காரன் ஸ்ரீஹரி மூவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். திண்டிவனத்தில் நீயும் உன் அம்மாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. நாலு நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனாய். இன்றோடு பதினெட்டு நாள். நாலு எப்படிப் பதினெட்டாயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. நீ வர வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதவில்லை. நடந்தது எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், உன் அம்மா பின்னாலிருந்து "அவ கரெக்டாத்தான சொல்றா" என்கிறார். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஸ்ரீஹரியிடம் கொடுத்தனுப்பலாம். அவன் வழியில் பிரித்துப் படித்துவிட்டு இரண்டு பக்கமும் தலையாட்டுவான். ஆகையால் தபால்.

முதலில் துணி விஷயம். நம் அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணியை, ஒருவரிடமும் சொல்லாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நீ வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துப் போனாய். மூன்று நாள் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாய். "மாதிரி: கரித்துணி. கிருமி வளர்ச்சி: எண்ண முடியாத அளவு." ஜெயா, நாற்பத்தாறு வருஷம் இந்தச் செஞ்சிக் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தவன் நான். சரக்கை எண்ண முடியவில்லை என்று ஒரு நாளும் எழுதியதில்லை. எண்ண முடியாது என்று கைவிரிப்பது என்ன சோதனை? அதுவாவது போகட்டும். ஊரார் ரத்தத்துக்கும் மூத்திரத்துக்கும் நடுவில் என் துணியை வரிசையில் உட்கார வைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்தது ஒழுங்கு விஷயம். கடையை ஸ்ரீஹரியிடம் ஒப்படைத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். இந்த மூன்று வருஷத்தில்தான் நம் அடுப்படி ஒரு முறைக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமை டப்பாக்கள், செவ்வாய் அடுப்பும் பர்னரும், புதன் பிரிட்ஜ், வியாழன் மேல் அலமாரி, வெள்ளி சாமி மாடமும் பித்தளையும், சனி ஜன்னலும் எக்ஸாஸ்ட் பேனும், ஞாயிறு எது தீர்ந்தது எது இருக்கிறது என்று பார்ப்பது. பலகையில் எழுதி மாட்டியிருக்கிறேன், நீயே பார்த்திருக்கிறாய். காலை நாலரைக்குத் திறப்பு. மாலை ஆறு மணிக்கு மேடையைத் துடைத்துக் கடை கட்டுதல். இதில் என்ன குறை?

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. மற்றதெல்லாம் பொட்டலம் கட்டும் பழைய பேப்பரில் படித்தது. எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டதுதான். அதற்கு மேல் என்ன போட்டிருந்தார்களோ, அந்தப் பாதியில் யாருக்கோ கடுகு கட்டிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக விளக்கு விஷயம். விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கி, குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். இது நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை. கடைவீதியில் எந்தக் கடையிலும் கேட்டுப் பார். நீ ராத்திரி எட்டு மணிக்கு விளக்குமாற்றை எடுத்ததும், நான் பிடுங்கியதும், நீ மறுநாள் காலை பஸ் ஏறியதும் உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
ப. கனகராஜ்

---

திண்டிவனம்,
27.11.2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு ஜெயஸ்ரீயின் வணக்கம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அதனால் யாரும் குறுக்கே பேசவில்லை.

துணியைக் கேட்காமல் எடுத்துப் போனது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் சோதனை முடிவுக்கு மன்னிப்புக் கேட்க முடியாது மாமா, அது நான் வளர்த்ததில்லை. நீங்கள் தினமும் துவைக்கிறீர்கள், மறுக்கவில்லை. துவைத்த துணியை எங்கே காயப் போடுகிறீர்கள்? சிங்க்குக்குக் கீழே, குப்பை வாளிக்கு நேர் மேலே உள்ள ஆணியில். அந்த வாளி சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை வண்டி வரும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி சாப்பிட்ட தட்டுகளும் விடியும்வரை சிங்க்கில் தண்ணீருக்குள் ஊறுகின்றன. லட்சுமி தங்குகிறாளோ இல்லையோ, மற்றவை எல்லாம் தங்குகின்றன.

உங்கள் பலகையில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? காலை ஆறரைக்கு நான் பஸ் பிடிக்கிறேன். அப்போது அடுப்படியில் நீங்கள் இருக்கிறீர்கள். சாயங்காலம் ஆறு ஐம்பதுக்கு வீட்டுக்கு வருகிறேன். அப்போது கடை கட்டியாயிற்று. ஹாட்பாக்ஸில் மூன்று சப்பாத்தி, மூடி மேல் ஒரு சீட்டு: "மேடை துடைத்தாயிற்று." ஒரு நாள் ஏழு மணிக்கு டீ போட்டேன். நான் குடித்து முடிக்கும்வரை துணியோடு பக்கத்திலேயே நின்றீர்கள். அது திட்டுவதைவிட மோசம் மாமா.

தை மாதத் தனிக்குடித்தன ஏற்பாடு பற்றி அவர் உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நேரில் சொல்வதுதான் முறை என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேன். செஞ்சியிலேயே, திண்டிவனம் ரோட்டில் அரிகிருஷ்ணன் என்பவர் வீட்டு மாடி. சின்ன அடுப்படிதான். மார்கழியில் குடிபோகக் கூடாது என்பதால் தை பிறந்ததும் பால் காய்ச்சலாம் என்றிருக்கிறோம். இது கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. கோபத்தில் எடுத்திருந்தால் இந்தக் கார்த்திகையிலேயே போயிருப்போம்.

அத்தையின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ஜெயஸ்ரீ

---

செஞ்சி,
3.12.2025

ஜெயஸ்ரீக்கு,

உன் கடிதம் கிடைத்து விவரம் அறிந்தேன். வீட்டு விஷயத்தை என் மகன் வாயால் கேட்காமல் தபால்காரர் கையால் தெரிந்துகொண்டேன். ஸ்ரீஹரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சொல்லலாம்னுதான் நைனா இருந்தேன்" என்றான். "எப்போடா?" என்றேன். "தையில" என்றான். அவனைத் திட்டி என்ன பயன்? உன் அத்தையைப் பார்த்து, "ஒனக்குத் தெரியுமா?" என்றேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "தெரியும். நானும் வரட்டுமான்னு அந்தப் பொண்ணக் கேட்டுக்கினு இருக்கறேன்."

கேட்டாயா? நாற்பத்தெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள் பேசுகிற பேச்சு.

இன்னொன்றும் சொன்னாள். அதையும் எழுதிவிடுகிறேன், நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. "கடையில இருந்தவரைக்கும் தண்ணி மோந்து குடிக்கக்கூட அடுப்படிக்குள்ள வந்தவரில்ல. இப்ப எங்கேர்ந்து பெருங்காயம் எடுக்கறதுன்னாலும் இவருகிட்டல்ல கேக்க வேண்டியிருக்குது." பெருங்காயம் இரண்டாம் வரிசையில், மஞ்சளுக்கு இடது பக்கம் இருக்கிறது. எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒருவர் கேட்கத் தேவையே இல்லை.

நிற்க. அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். நேற்று நான் பாட்டுக்கு நடந்து போனேன். செல்லப்பன் என்று பெயர் சொன்னேன், மகனுக்கு வீடு பார்க்கிறேன் என்றேன். பெயர் பொய், மற்றது பொய் இல்லை. அந்த அரிகிருஷ்ணன் நல்ல மனிதர், மோர் கொடுத்தார். அடுப்படியைத் திறந்து காட்டி, "மாடுலர் கிச்சன் சார்" என்றார். இழுத்தால் வருகிற அறைகள், தள்ளினால் போகிற அறைகள். எல்லாம் சரி. தரையில் தண்ணீர் விட்டுக் கழுவ ஜலதாரை எங்கே என்றேன். "கழுவ வேணாம் சார், துடைச்சா போதும்" என்றார். கழுவ முடியாத அடுப்படி ஒரு அடுப்படியா ஜெயா? சிங்க் இருக்கிறதே, அதில் நம் இட்லிக் குண்டான் படுக்காது, நிற்கவும் நிற்காது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். எக்ஸாஸ்ட் பேனை முகர்ந்து பார்த்தேன், போன குடித்தனக்காரர்கள் கருவாட்டுப் பிரியர்கள். இதையெல்லாம் உன் நன்மைக்காக எழுதுகிறேன். வீட்டைத் தடுப்பதற்காக இல்லை.

இன்று கார்த்திகை தீபம். உன் அத்தையால் குனிய முடியாது, நான்தான் எல்லா அகலையும் வைத்தேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ப. கனகராஜ்

பின்குறிப்பு: மிக்சி வேலை செய்யவில்லை. அதை நன்றாகக் கழுவ வேண்டும் என்று ஒரு பேப்பரில் படித்தேன். ஜாரை மட்டும்தான் கழுவ வேண்டும் என்பது கிழிந்த பக்கத்தில் இருந்திருக்கிறது. ரிப்பேர் கடைக்காரர் மிக்சியைக் கவிழ்த்தார், அரை டம்ளர் தண்ணீர் வந்தது. "யாரு சார் இதைக் குளிப்பாட்டினது?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

---

திண்டிவனம்,
10.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் போய் வந்த அன்றைக்கே அரிகிருஷ்ணன் சார் அவருக்குப் போன் செய்துவிட்டார். "தம்பி, வீட்டுக்குப் போட்டியா ஒருத்தர் வந்துட்டாரு. செல்லப்பன்னு பேரு. சிங்க்குக்குள்ள தலைய வுட்டுப் பாக்கறாரு, பேன மோந்து பாக்கறாரு, டேப் வச்சு அளக்கறாரு. ஒங்க நைனா சாடையாவும் இருக்குது" என்றாராம். அவர் அதை மெசேஜில் அனுப்பியிருந்தார், படித்துவிட்டு ஆய்வகத்தில் சிரித்தேன். கூட வேலை பார்க்கும் கலைவாணி அக்கா என்னவென்று கேட்டார். சொன்னேன். அவரும் சிரித்தார். அவர் கேட்டதைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"வீட்டுல இருக்கற ஆம்பளைங்க அடுப்படிக்குள்ள வரமாட்டேங்கறாங்கன்னுதான ஊருல குறை சொல்லுவாங்க? ஒங்க மாமனாரு வெளியவே வரமாட்டேங்கறாரே, ஏன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நாற்பத்தாறு வருஷம் உட்கார்ந்த கடை, வீட்டிலிருந்து நாலு நிமிஷ நடை. இந்த மூன்று வருஷத்தில் நீங்கள் ஒரு நாளாவது அங்கே போய் நான் பார்த்ததில்லை. கேட்டால் முட்டி வலி என்கிறீர்கள். முட்டி வலி அத்தைக்கு.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பகல் முழுக்க மற்றவர்களின் ரத்தத்தையும் சளியையும் பார்க்கிறேன். வரிசையில் நிற்கிறவர்கள் திட்டுகிறார்கள், ரிப்போர்ட் ஏன் இன்னும் வரவில்லை என்று. பஸ்ஸில் பாதி நாள் நின்றுகொண்டுதான் வருகிறேன். வீட்டுக்கு வந்து, ஒரு டீ குடித்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு நானே தட்டுகளைத் துலக்கி, மேடையைத் துடைத்து, தரையைக் கழுவி, குப்பையை வெளியே வைத்துவிட்டு, நாளைக்கு என்று பருப்பை ஊறப் போட்டால், அந்த ஒரு மணி நேரத்தில்தான் இது என் வீடு என்று எனக்குத் தோன்றும். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அப்படித்தான் இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லமாட்டார். பெருக்கினதைக்கூட, "நான் டி.வி. பாத்துக்கினு இருக்கறேன், நான் ஒண்ணும் பாக்கல" என்பார். நீங்கள் கடையிலிருந்து ஒன்பது மணிக்கு வருவீர்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும் மாமா. உங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை என்றால், ஜலதாரை இல்லாத வீட்டில் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஜெயஸ்ரீ

---

செஞ்சி,
18.12.2025

ஜெயஸ்ரீக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். பரிசோதனை நிலையத்தில் இருக்கிறவர்கள் என் துணியைச் சோதித்தது போதாமல் இப்போது என்னையே சோதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கலைவாணி என்கிற அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் வீட்டு அடுப்படியில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டேனா?

நீ கேட்டதற்குப் பதில் எழுத இந்தத் தாளில் இடமில்லை. இங்கே நடந்தது வேறு, அதை எழுதுகிறேன். உன் அத்தை எப்படியும் உனக்குப் போனில் சொல்லிச் சிரித்திருப்பாள். என் எழுத்திலும் இருக்கட்டும்.

திங்கட்கிழமை காலை. டப்பாக்களின் நாள். பதினேழு டப்பாவையும் கழுவித் துடைத்து மேடை மேல் வரிசையாக வைத்திருந்தேன். ராத்திரிக் குப்பையைக் குப்பை வண்டிக்குக் கொடுக்கப் பின்கதவைத் திறந்து வைத்தேன். வாளியை எடுக்கத் திரும்பியிருப்பேன், கோட்டைப் பக்கத்துக் குரங்கு ஒன்று உள்ளே வந்துவிட்டது. குப்பை வாசனைக்கு வந்தது என்று நீ எழுதுவாய். அதனால் நானே எழுதிவிடுகிறேன்: குப்பை வாசனைக்குத்தான் வந்தது. ஆனால் குப்பையைத் தொடவில்லை. மேடை மேல் ஏறி உட்கார்ந்து, துவரம்பருப்பை நகர்த்தியது, உளுந்தை நகர்த்தியது, வேர்க்கடலை டப்பாவை எடுத்து மடியில் வைத்துத் திருகித் திறந்தது. நான் விளக்குமாற்றைக் காட்டினேன். அது எனக்குப் பல்லைக் காட்டியது. உன் அத்தை கூடத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்து, "எழுதி ஒட்டனது வீணாப்போவல. படிக்கத் தெரிஞ்ச கொரங்கு" என்றாள்.

பக்கத்து வீட்டுத் தேவேந்திரன் வந்து பட்டாசு கொளுத்திய பிறகுதான் போனது. டப்பாவோடு போனது. அந்தப் பட்டாசில் எக்ஸாஸ்ட் பேன் ஜன்னலின் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. சனிக்கிழமைதான் துடைத்திருந்தேன்.

போவதென்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் போங்கள். பிடித்து வைக்கிற வயதும் இல்லை, உடம்பும் இல்லை. விளக்கு வைத்த பிறகு குப்பை கொட்டக் கூடாது என்பதில் மட்டும் மாற்றம் இல்லை. குரங்கு வந்தாலும் இல்லை.

இப்படிக்கு,
ப. கனகராஜ்

---

திண்டிவனம்,
27.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தாளில் இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பின்பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது.

தை எட்டாம் தேதி, வியாழக்கிழமை காலை பால் காய்ச்ச நாள் பார்த்திருக்கிறோம். நீங்களும் அத்தையும் கட்டாயம் வர வேண்டும். நான் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பாத்திரங்களில் மாவு அரிக்கும் சல்லடையும் பெரிய பித்தளை அடுக்கும் போதும், மற்றவை அங்கேயே இருக்கட்டும். பித்தளையை வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் தேய்க்கிற மாதிரி என்னால் தேய்க்க முடியாது. ஆனாலும் அது அம்மா கொடுத்தது.

இன்னொரு உதவி. உங்கள் பலகையை அவர் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புது வீட்டிலும் புதன்கிழமை பிரிட்ஜ் துடைக்கலாம் என்றிருக்கிறேன். நான் வேலைக்குப் போகிற நாளில் இருந்து பிரிட்ஜை எப்போது துடைத்தோம் என்று யாருக்குமே தெரியாமல் இருந்தது. அழுகின தக்காளி சொன்னால்தான் உண்டு. உங்கள் பலகை வந்த பிறகு ஒரு தக்காளி அழுகி நான் பார்க்கவில்லை. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கோபமாக இருந்தேன்.

நான் சண்டை போட்டது பலகையோடு இல்லை மாமா. சாயங்காலம் ஆறு மணியோடு.

அன்புடன்,
ஜெயஸ்ரீ

---

செஞ்சி,
11.1.2026

சௌபாக்கியவதி ஜெயஸ்ரீக்கு உன் மாமா எழுதுவது. இந்த முறை தாளின் இரண்டு பக்கமும் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படி.

வைகுண்ட ஏகாதசி அன்று உன் அத்தையும் தேவேந்திரன் வீட்டு அம்மாவும் ஆட்டோ வைத்துக்கொண்டு சிங்கவரம் மலைக்கோயிலுக்குப் போனார்கள். உன் அத்தையால் படியேற முடியாது, கீழேயே உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு, அப்படியே அங்கே இருக்கிற உறவுக்காரி வள்ளியம்மாள் வீட்டில் தங்கிவிட்டாள். ஸ்ரீஹரி கடையில். வீட்டில் நான் மட்டும். ஆறு மணிக்கு மேடையைத் துடைத்தேன். விளக்கை நானே வைத்தேன். கடை கட்டியாயிற்று. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அத்தை இருந்தால் டி.வி. ஓடும், நான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். அன்று யாருமில்லை. ஏழு மணிக்கு ஒரு டீ குடித்தால் தேவலை என்றிருந்தது. மேடை துடைத்தாயிற்றே என்று உட்கார்ந்துவிட்டேன். ஸ்ரீஹரி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ தினமும் ஆறு ஐம்பதுக்கு எந்த வீட்டுக்குள் வந்தாய் என்பது அன்று தெரிந்தது. தெரிந்ததைத் தெரிந்தது என்று எழுதுகிறேன். தப்பு என்று எழுதவில்லை.

கடைக்கு ஏன் போவதில்லை என்று கேட்டாய். போனேன், ஆரம்பத்தில் ஒரு மாதம், நீ வேலைக்குக் கிளம்பிய பிறகு போனேன். நான் நுழைந்தால் வேலையாட்கள் எல்லாம் எழுந்து நிற்பார்கள். பில் போடுகிறவர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போடுவார். அது மரியாதை என்று நீ நினைப்பாய். அவர்கள் எழுந்து நின்றால் வியாபாரம் நிற்கிறது. சாமான் வாங்க வந்தவர்கள், இந்தக் கிழவர் எப்போது போவார் என்று பார்க்கிறார்கள். நான் கட்டிய கடையில் நான் ஒரு இடைஞ்சலாக உட்கார வேண்டுமா? ஒரு நாள் போகாமல் இருந்து பார்த்தேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அடுப்படியில் யாரும் எழுந்து நிற்கவில்லை. அங்கே வேலை இருந்தது. இதுதான் பதில். உன் கலைவாணி அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

நிற்க. விளக்கு விஷயம். விளக்கு வைத்த பிறகு குப்பை கொட்டக் கூடாது என்ற சட்டத்தில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஆனால் விளக்கு எத்தனை மணிக்கு வைக்க வேண்டும் என்று எந்தப் பேப்பரிலும் நான் படித்ததில்லை. பொழுது சாய்ந்தால் வைக்க வேண்டும் என்பார்கள். எட்டரை மணிக்கும் பொழுது சாய்ந்துதான் இருக்கிறது. ஆகவே இனி நம் வீட்டில் விளக்கு எட்டரைக்கு.

விளக்கு வைப்பது உன் அத்தையின் வேலை. அவளிடம் சொன்னேன். "சாமிக்கும் ஷிப்டு போட்டுட்டீங்களா? இன்னா மனுஷன் நீங்க!" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், ஆறரை மணித் தொடர் முக்கியமான இடத்தில் நிற்கும்போது எழுந்துபோய் விளக்கு வைப்பது அவளுக்கும் பல வருஷத் தொந்தரவுதான் என்று ஒப்புக்கொண்டாள். ஒரு வாரமாக எட்டரைக்குத்தான் வைக்கிறோம். வீட்டை விட்டு யாரும் வெளியேறியதாகத் தெரியவில்லை. சாமான்தான் கொஞ்சம் தீர்ந்திருக்கிறது, அது ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் இருக்கிறது.

பலகையைப் படம் எடுத்து அனுப்ப மாட்டேன். அதில் திருத்தம் செய்திருக்கிறேன். காலை என் பெயரில். சாயங்காலம் ஆறரையிலிருந்து உன் பெயரில். கீழே கோடு போட்டு, "இந்த நேரத்தில் கனகராஜ் உள்ளே வரக் கூடாது" என்று எழுதியிருக்கிறேன். உன் அத்தை அதற்குக் கீழே கரியால் "டீக்கும்" என்று எழுதிவிட்டாள். நான் அழிக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் எங்கே போவேன் என்று நீ யோசிக்க வேண்டாம். ஏழெட்டு நாளாகக் கடைக்குப் போகிறேன். முன்பக்கம் இல்லை, பின்கட்டுக்கு. மிளகாய், மல்லி புடைத்து மூட்டை பிரித்துக் கொடுக்கிறேன். அங்கே தும்மல்தான், நாற்காலி கிடையாது, ஆகையால் யாரும் எழுந்து நிற்பதில்லை. ஸ்ரீஹரி முதல் நாள் திகைத்துப் போனான். "இன்னா நைனா இது, நீங்க போயி..." என்றான். "நீ ஒன் வேலயப் பாருடா" என்றேன். ரொம்ப நாள் கழித்துச் சொன்னேன், நன்றாக இருந்தது. பின்கட்டு இருக்கிற அழுக்கைப் பார்த்தால் நீ உன் தாளில் எண்ண முடியாது என்று எழுதியது சரிதான் என்று தோன்றுகிறது. ஒரு மாதத்தில் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

இதெல்லாம் நீ வர வேண்டும் என்பதற்காக எழுதுவது இல்லை. முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டேன். அரிகிருஷ்ணனிடம் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு. அவருக்கு வேறு குடித்தனம் கிடைக்கும், கழுவாமல் துடைக்கிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்று என்று எழுதியிருந்தாய். பார்த்த நாளை வீணாக்குவது நல்லதில்லை. தை எட்டாம் தேதி வியாழக்கிழமை காலை, மேல் அலமாரி துடைக்கிற நாள்தான், பரவாயில்லை, தள்ளி வைத்துவிட்டேன். நம் அடுப்பிலேயே காய்ச்சு. நன்றாகப் பொங்கி வழியட்டும், மேடையெல்லாம் ஓடட்டும். அன்று ஒரு நாள் நான் துணியை எடுத்துக்கொண்டு வரமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மாமா,
ப. கனகராஜ்